தோட்டத்துக்கு ஒரு வாரியம்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: குடவோலைக் கல்வெட்டு எங்கே இருக்கு? சுவரைக் காட்டினால் ரெண்டு போட்டோ, ஒரு செல்ஃபி, அவ்வளவுதான். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் பேச்சிலும் இந்தக் கல்வெட்டு வந்தது. பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்கு, போட்டித் தேர்வில் கேட்கிறார்கள். ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எடுத்த ஓலையில் பேர் இருந்தவர் என்ன வேலைக்குப் போனார் என்று கேட்டால் பலருக்கும் தெரியாது.

அவர்களில் பன்னிரண்டு பேர் தோட்டத்துக்குப் போனார்கள்.

முதலாம் பராந்தக சோழனின் 14ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 921, கல்வெட்டின் கணக்கு இது. உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்தில் 30 குடும்பு. குடும்பு என்பதை இன்றைய வார்டு மாதிரி வைத்துக்கொள்ளலாம். குடும்புக்கு ஒருவராக 30 பேர். அதில் 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். மிச்சம் 6 பேர் ஏரி வாரியம். பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் தனியாக இன்னொரு குலுக்கல்.

ஏரியை விடத் தோட்டத்துக்கு இரண்டு மடங்கு ஆள்! ஏரி என்றால் சின்னக் குட்டை இல்லை. வைரமேகத் தடாகம் என்று கல்வெட்டுகள் பேர் சொல்லும் பெரிய ஏரி, ஊரின் சோறே அதில்தான். அதற்கு ஆறு பேர் போதும், தோட்டத்துக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும் என்று சபை முடிவு செய்திருக்கிறது. எனக்குத் தோன்றுகிற காரணம் எளிமையானது. ஏரி ஒன்று, கரை ஒன்று, மதகுகள் சில. தோட்டம் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும், ஒவ்வொன்றும் வேறு வேறு கதை.

இன்னொரு நுணுக்கமும் இருக்கு. ஆண்டு வாரியத்துக்கு யாரை எடுக்க வேண்டும் என்றால், முன்பே தோட்ட வாரியமோ ஏரி வாரியமோ செய்தவர்கள், படிப்பில் மூத்தவர்கள், வயதில் மூத்தவர்கள் ஆகியோரை எடுக்கச் சொல்கிறது கல்வெட்டு. அதாவது தோட்டம் பார்த்துப் பழகியவன்தான் ஊரைப் பார்க்கப் போகலாம். இந்த வரியை ஏன் யாரும் மேடையில் சொல்வதில்லை என்று எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு.

இந்தத் தோட்ட வாரியம் என் மனசில் வந்து உட்கார்ந்தது ஊரிலேயே அல்ல, போலந்தில். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வேலையாகப் போயிருந்தபோது வ்ரோத்ஸ்வாஃப் நகரத்தின் ஷ்சிட்னிட்ஸ்கி பூங்காவில் ஒரு பழைய ஜப்பானியத் தோட்டத்தைப் பார்த்தேன். (ஊர்ப் பேரை அவர்கள் எழுதுவதற்கும் சொல்வதற்கும் சம்பந்தமே இல்லை. 'திருவல்லிக்கேணி'யை வெள்ளைக்காரன் 'ட்ரிப்ளிகேன்' ஆக்கின மாதிரி நானும் ஏதோ எழுதியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.) அந்தத் தோட்டத்தின் கதையைச் சொன்னால்தான் மேலே சொன்ன பன்னிரண்டு பேருடைய அருமை புரியும்.

1913ஆம் ஆண்டு. அப்போது அந்த நகரத்தின் பேர் ப்ரெஸ்லவ், ஜெர்மனியின் பெருநகரங்களில் ஒன்று. 1813இல் நெப்போலியனுக்கு எதிராக எழச் சொல்லிப் பிரஷ்ய அரசர் அங்கேயிருந்துதான் அறைகூவல் விடுத்தார். அதன் நூற்றாண்டுக்குப் பெரிய கண்காட்சி ஒன்று போட்டார்கள். அதற்காக மாக்ஸ் பெர்க் என்கிற கட்டடக் கலைஞர் எழுப்பிய கான்கிரீட் குவிமாட மண்டபம் இன்றும் நிற்கிறது. 2006இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. கண்காட்சியின் ஒரு பகுதி தோட்டக்கலை. அதில் ஜப்பானியத் தோட்டம் போடும் பொறுப்பை ஃப்ரிட்ஸ் ஃபான் ஹோக்பெர்க் என்கிற பிரபு எடுத்துக்கொண்டார். ஜப்பான் போய் வந்து அந்த ஊர்ப் பித்துப் பிடித்தவர். மண்ணைக் குழைத்தது, கல்லைப் புரட்டியது மன்கிச்சி அராய் என்கிற ஜப்பானியத் தோட்டக்காரர்.

கண்காட்சி முடிந்தது. விளக்கு, அலங்காரம் என்று இரவல் வாங்கி வைத்த சாமான்கள் எல்லாம் உரிமையாளர்களிடம் திரும்பிப் போயின. கல்யாணம் முடிந்த மறுநாள் பந்தல்காரன் வந்து எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவானே, அது மாதிரி. மிஞ்சியது குளமும், மரங்களும், தோட்டத்தின் உருவமும்தான். அப்புறம் ஒரு உலகப் போர். அப்புறம் இன்னொன்று. 1945இல் நகரமே முற்றுகையில் சிக்கிப் பெரும்பகுதி இடிந்துபோனது. போர் முடிந்ததும் எல்லைக்கோடு நகர்ந்தது, நகரம் போலந்துக்கு வந்தது. ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். கிழக்கே சோவியத் வசம் போன பகுதிகளிலிருந்து துரத்தப்பட்ட போலந்துக்காரர்கள் வந்து குடியேறினார்கள்.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். ஒரு ஊரின் ஜனங்கள் கிட்டத்தட்ட மொத்தமாக மாறிவிட்டார்கள். மொழி மாறிவிட்டது, தெருப் பேர் மாறிவிட்டது. அந்தத் தோட்டத்தை நினைவு வைத்திருந்தவர்கள் எல்லோரும் வேறு நாட்டில் இருக்கிறார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அது பூங்காவில் ஒரு வளைந்த குளம், அவ்வளவே.

அந்தக் குளத்தை மறுபடி தோட்டமாக்கும் வேலை 1990களின் நடுவில் தொடங்கியது. ஜப்பானியத் தூதரகம் உதவியது, இக்குயா நிஷிகாவா என்கிற பேராசிரியரும் நகோயா நகரத்துத் தோட்டக்காரர்களும் வந்து வேலை செய்தார்கள். 1997 மே மாதம் திறந்தார்கள். சரியாக இரண்டே மாதம். ஜூலையில் ஓடர் நதி கரை புரண்டது. மத்திய ஐரோப்பாவையே புரட்டிப்போட்ட வெள்ளம் அது. தோட்டம் வாரக்கணக்கில் தண்ணீரில் நின்றது. வேர் அழுகிச் செடிகளில் பெரும்பகுதி செத்துப்போயிற்று. 2015 டிசம்பரைப் பார்த்த காஞ்சிபுரம், சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் வந்த வேகத்தில் வடிந்துவிட்டால் மரம் பிழைக்கும், நின்றால்தான் சாவு.

விட்டுவிடவில்லை. ஜப்பானியர்கள் திரும்ப வந்தார்கள், மறுபடி நட்டார்கள். 1999 அக்டோபரில் இரண்டாம் முறை திறந்தார்கள். இன்று நாம் போய்ப் பார்ப்பது அதைத்தான்.

உள்ளே எப்படி இருக்கிறது? முதலில் ஒரு மரவாசல். அதைத் தாண்டினால் குளம் உடனே தெரியாது. நம்ம ஊர்த் தெப்பக்குளத்தைப் பாருங்கள், நாலு பக்கமும் நேர்க்கோட்டில் கற்படி, நடுவில் நீராழி மண்டபம், எந்தப் படியில் நின்றாலும் முழுக்குளமும் கண்ணுக்குள் வந்துவிடும். இங்கே அதற்கு நேர்மாறு. எந்த இடத்தில் நின்றாலும் குளம் முழுசாகத் தெரியக் கூடாது என்பதே திட்டம். பாதை ஒரு மேட்டைச் சுற்றி வளையும், ஒரு புதர் மறைக்கும், இரண்டு அடி வைத்தால் மரப்பாலம் தெரியும், இன்னும் நாலு அடியில் அது மறைந்து அருவிச் சத்தம் மட்டும் கேட்கும். மறைத்துக் காட்டுவது ஜப்பானியத் தோட்டக்கலையின் ஆதார வித்தை. குளத்தைச் சுற்றி நடந்தே அனுபவிக்க வேண்டிய தோட்டம் என்பதால் இந்த வகைக்கு உலாத் தோட்டம் என்றே சொல்லலாம். ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்க்கிற மணல்-கல் தோட்டம் வேறு வகை, அது இங்கே இல்லை.

அருவி இரண்டு. ஒன்று ஆண் அருவி, ஒன்று பெண் அருவி. ஒன்று நேரே சத்தத்தோடு விழுகிறது, இன்னொன்று கல்லில் தடவித் தடவி இறங்குகிறது. எது எந்த அருவி என்று நான் சொல்லாமலே கண்டுபிடித்திருப்பீர்கள். குளத்தின் ஒரு ஓரத்தில் கூழாங்கல் பரப்பி ஒரு சின்னக் கடற்கரை. கெண்டை மீன்கள். அசேலியா, மேப்பிள், பைன். ரோடோடென்ட்ரானும் உண்டு. அதைப் பார்த்ததும் எனக்கு ஜப்பான் ஞாபகம் வரவில்லை, நீலகிரிதான் ஞாபகம் வந்தது. சோலைக்காட்டு ஓரத்தில் சிவப்பாகப் பூத்து நிற்கும் காட்டுப்பூவரசு இதே குடும்பத்து மரம்தான்.

ஐரோப்பாவுக்கு ஜப்பானியத் தோட்ட மோகம் எப்படி வந்தது என்பதும் தனிக் கதை. இருநூறு வருஷத்துக்கு மேல் கதவைச் சாத்தியிருந்த ஜப்பான் 1850களில் திறந்தது. 1873 வியன்னா உலகக் கண்காட்சியில் ஜப்பான் அரசு கோயில், பாலம் எல்லாம் வைத்து ஒரு தோட்டம் போட்டுக் காட்டியது. கூட்டம் அலைமோதியது. 1893இல் ஜோசையா காண்டர் என்கிற ஆங்கிலக் கட்டடக் கலைஞர் ஜப்பானியத் தோட்டக்கலை பற்றிப் படங்களோடு புத்தகம் போட்டார். பணக்காரப் பிரபுக்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு குளம் வெட்ட ஆரம்பித்தார்கள். நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் கிளிங்கென்டால் பூங்காவில் அப்படி ஒரு சீமாட்டி போட்ட தோட்டம் இன்னும் இருக்கிறது. அதன் தரையெல்லாம் பாசி. மிதித்தால் போச்சு என்பதால் வசந்தத்தில் சில வாரம், இலையுதிர்காலத்தில் சில வாரம் மட்டுமே திறக்கிறார்கள்.

லண்டனில் சொந்தக்காரர்கள் இருக்கிறவர்கள் வ்ரோத்ஸ்வாஃப் வரைக்கும் போகத் தேவையில்லை. ஷெப்பர்ட்ஸ் புஷ் பக்கம் ஹாமர்ஸ்மித் பூங்கா என்று ஒன்று இருக்கு. 1910 மே முதல் அக்டோபர் வரை அங்கே ஜப்பான்-பிரிட்டன் கண்காட்சி நடந்தது. இரண்டு நாட்டுக்கும் 1902இல் போட்ட ராணுவ ஒப்பந்தம் அப்போது நடப்பில் இருந்தது, நட்பைக் காட்டிக்கொள்ள வேண்டிய தேவையும் இருந்தது. 80 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். இரண்டு பெரிய ஜப்பானியத் தோட்டங்கள் போட்டார்கள். மரம், பாலம் மட்டுமில்லை, கல்லைக்கூட ஜப்பானிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். அந்த இரண்டில் ஒன்றின் மிச்சம்தான் இன்றைய பூங்காவுக்குள் இருக்கிறது. பக்கத்திலேயே கண்காட்சி நிலத்தில் பிறகு பிபிசி தொலைக்காட்சி மையம் வந்தது. 2010இல் நூற்றாண்டை ஒட்டித் தோட்டத்தைச் சீரமைத்தார்கள். கண்காட்சியில் நின்ற கோயில் வாசல் ஒன்று, கியோட்டோவில் உள்ள மூலத்தில் ஐந்தில் நாலு பங்கு அளவு, கண்காட்சி முடிந்ததும் கியூ தாவரவியல் தோட்டத்துக்குப் போய்விட்டது.

அந்தக் கண்காட்சியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோட்டம் மட்டும் காட்சிப்பொருள் இல்லை. ஐனு மக்களையும், அப்போது ஜப்பானின் காலனியாக இருந்த தைவானின் பழங்குடியினரையும் கொண்டுவந்து 'கிராமம்' போட்டு உட்காரவைத்து, டிக்கெட் வாங்கினவர்கள் வேடிக்கை பார்க்க விட்டார்கள். எங்களுக்கும் காலனி இருக்கு, நாங்களும் உங்களைப் போல ஒரு பேரரசு என்று காட்டும் ஆசை. அமைதித் தோட்டம் என்று பேர் வைத்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி இது நடந்திருக்கிறது. அழகான தோட்டத்தைப் பார்த்தால் யார் காசு, யார் உழைப்பு, எதற்காக என்று கேட்டுவிடுவது என் பழக்கம். சில சமயம் கூட வருகிறவர்களுக்கு எரிச்சலாகக்கூட இருக்கும்.

தமிழர் நிறைய வாழும் சிங்கப்பூரிலும் ஒன்று உண்டு. ஜூரோங் தொழிற்பேட்டைக்கு நடுவே, கின்சாக்கு நக்கானே வடிவமைத்து 1973இல் திறந்த ஜப்பானியத் தோட்டம். புதுப்பித்து 2024 செப்டம்பரில் மறுபடி திறந்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு ஒரு முறை மொத்தமாகப் புதுப்பிக்க அரசாங்கத்துக்கு மனசும் பணமும் இருந்தால் பிரச்சினையே இல்லை.

இப்போது அசல் கேள்விக்கு வருவோம். வ்ரோத்ஸ்வாஃபில் நான் பார்த்தது 1913ஆம் ஆண்டுத் தோட்டமா, 1999ஆம் ஆண்டுத் தோட்டமா? குளம் பழசு, சில மரங்கள் பழசு. செடிகளில் பெரும்பாலானவை என் கல்லூரி நாட்களுக்குப் பிறகு நட்டவை. அதைப் 'புராதனத் தோட்டம்' என்று சொல்லலாமா?

கல் கட்டடத்துக்கு இந்தக் கேள்வி அவ்வளவு சிக்கல் இல்லை. பராந்தகன் காலத்து எழுத்து சுவரில் இருக்கு, அது அதேதான். தோட்டத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. இதைப் பற்றி யோசிப்பதற்காகவே 1981இல் ஃப்ளோரன்ஸில் வல்லுநர்கள் கூடி ஒரு சாசனம் எழுதினார்கள். புராதனத் தோட்டம் என்பது உயிருள்ள நினைவுச்சின்னம், வளர்வதும் வாடுவதும் அதன் இயல்பு, ஆகவே தொடர்ந்த பராமரிப்பே அதைக் காப்பாற்றும் முதன்மை வேலை என்பது அதன் சாரம். 1994இல் ஜப்பானின் நாரா நகரத்தில் கூடியவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். அசல்தன்மைக்கு உலகம் முழுக்க ஒரே அளவுகோல் வைக்க முடியாது, அந்தந்தப் பண்பாடு எதை அசல் என்று நினைக்கிறதோ அதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றார்கள். இசே ஆலயத்தை இருபது வருஷத்துக்கு ஒரு முறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டிச் சாமியைக் குடிவைக்கிற நாடு அது. மரம் புதுசு, ஆலயம் பழசு. தச்சனின் கை வித்தை அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது, அதுதான் அங்கே பழமை.

நமக்கும் இது ஒன்றும் அந்நியமான யோசனை இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு கும்பாபிஷேகம், கோபுரத்துச் சுதைக்கு மறுபடி வண்ணம், யாரும் 'கோயில் புதுசாகிவிட்டது' என்று சொல்வதில்லை. (வண்ணத்தின் தரத்தைப் பற்றி எனக்குப் புகார் உண்டு. அது வேறு கட்டுரை.)

ஆக, தோட்டம் என்பது பொருள் இல்லை, ஒரு வேலை. அந்த வேலையை யாராவது நாள்தோறும் செய்கிற வரைக்கும் தோட்டம் இருக்கும். ஹோக்பெர்க் பிரபுவிடம் பணமும் ரசனையும் இருந்தன, கண்காட்சி முடிந்ததும் நாளைக் காலையில் யார் வந்து களை பறிப்பார் என்பதற்கு ஏற்பாடு இல்லை. சரியாக இந்த இடத்தில்தான் உத்திரமேரூர் சபை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அவர்களுடைய விதிகளைத் தோட்டக்காரன் கண்ணோடு படித்துப் பாருங்கள். வாரியத்தின் பதவிக்காலம் 360 நாள். அதற்கு முந்தைய மூன்று வருஷத்தில் எந்த வாரியத்திலும் இருந்திருக்கக் கூடாது. தென்னங்கன்று நட்டால் காய்க்க வருஷங்கள் ஆகும், மாங்கன்றும் அப்படித்தான். ஒரே வருஷம் பதவியில் இருக்கிறவன் தான் நட்டதன் பலனைத் தான் இருக்கும்போது பார்க்கவே முடியாது! அடுத்தவனுக்காகத்தான் நட வேண்டும். அதே சமயம் முன்னால் இருந்தவன் நட்டதை வெட்டி விற்றுக் காசாக்கிவிட்டும் போக முடியாது, ஏனென்றால் கணக்குக் காட்ட வேண்டும். கணக்குக் காட்டாதவன் மட்டுமில்லை, அவனுடைய நெருங்கிய உறவினர்களும் குடத்துக்குள் பேர் போட முடியாது. தப்புச் செய்தது தெரிந்தால் பதவிக்காலம் முடியும் வரை காத்திருக்காமல் அப்போதே நீக்கிவிடலாம். கள்ள ஓலை எழுதினவன், கழுதை மேல் ஏற்றப்பட்டவன் எல்லாம் தகுதியிழந்தவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள்.

1904-05ஆம் ஆண்டுத் தொல்லியல் அறிக்கையில் வெங்கையா இந்தக் கல்வெட்டை முதலில் விரிவாக வெளியிட்டார். பிறகு நீலகண்ட சாஸ்திரி இதை அலசி எழுதினார். தேர்தல், தகுதி, தகுதியின்மை பற்றியெல்லாம் அவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிற கல்வெட்டு, தோட்ட வாரியத்தின் அன்றாட வேலை என்னவென்று பட்டியல் போடவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை யார் கல்லில் வெட்டுவார்கள்?

அந்தக் காலத்துத் 'தோட்டம்' என்றதும் உலாத் தோட்டத்தையோ ஊட்டி மலர்க்கண்காட்சியையோ கற்பனை செய்யக் கூடாது. நெல் வயலுக்கு வெளியே தென்னை, கமுகு, மா, வெற்றிலைக் கொடிக்கால், கோயிலுக்குப் பூ இதெல்லாம் சேர்ந்ததுதான். இதிலும் ஒரு சுவாரசியம் இருக்கு. சோழர் செப்பேடுகளில் பிராமணர்களுக்கோ கோயிலுக்கோ விகாரைக்கோ ஊர் கொடுக்கும்போது கூடவே ஒரு உரிமைப் பட்டியல் வரும். ஆனைமங்கலம் செப்பேட்டிலும் திருவாலங்காட்டுச் செப்பேட்டிலும் பார்க்கலாம். சுட்ட செங்கல்லால் மாளிகை எடுக்கலாம், கிணறு வெட்டலாம், தென்னையும் பனையும் கள்ளுக்காக ஏறப்படாது, தமனகம், மரு, செண்பகம், செங்கழுநீர் நடலாம். வாசனைச் செடி நடுவதற்கு ராஜா அனுமதி! மரிக்கொழுந்துக்கும் மருவுக்கும் உரிமை வேண்டியிருந்தது என்றால், தோட்டம் அன்றைக்கு அந்தஸ்து. ஜப்பானில் பிரபுக்கள் குளம் வெட்டினதும் அந்தஸ்துதான், ப்ரெஸ்லவில் ஹோக்பெர்க் வெட்டினதும் அதேதான்.

உத்திரமேரூரைப் புகழும்போது பாதியில் நிறுத்துவதும் சரியில்லை. அந்தக் குடத்துக்குள் யார் பேர் போனது? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் படிப்பு. அரை வேலியிலும் பாதியில் பாதி, அதாவது அரைக்கால் வேலி நிலம் இருந்தால்கூட ஒரு வேதமும் பாஷ்யமும் ஓதியிருந்தால் போதும் என்று ஒரு சலுகை. அது பிராமண ஊரின் சபை, ஆண்கள் மட்டும். ஏற்றம் இறைத்தவர்கள், பாத்தி கட்டினவர்கள், பூ கொய்தவர்கள் பேர் எந்த ஓலையிலும் இல்லை. ப்ரெஸ்லவில் மன்கிச்சி அராய் பேராவது தப்பிப் பிழைத்திருக்கிறது. நம்ம ஊரில் தோட்டக்காரன் பேர் அவன் ஆழ்வாராகவோ ஆச்சாரியனாகவோ ஆனால்தான் தெரிகிறது: ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார், ஸ்ரீரங்கத்தில் தொண்டரடிப்பொடி, திருமலையில் அனந்தாழ்வான். அனந்தாழ்வான் ராமானுஜரின் சீடர். திருமலையில் நந்தவனம் போட்டுக் குளம் வெட்டினார், கர்ப்பிணி மனைவி மண் சுமந்தார், ஒத்தாசைக்கு வந்த சிறுவனைக் கோபத்தில் கடப்பாரையால் அடித்தார், சிறுவன் பெருமாளாக இருந்தான் என்பது ஐதிகம். அந்தக் கடப்பாரை திருமலைக் கோயில் வாசலில் மாட்டியிருக்கிறது. கோயில் வாசலில் தோட்ட வேலைக் கருவியை மாட்டிவைத்த மரபு நமக்கு உண்டு, அதைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போகிறோம்.

சோழர் காலத்தில் நந்தவனத்துக்கென்று தனி நிலமே விட்டார்கள், திருநந்தவனப்புறம் என்று பேர். அந்த நிலத்தின் விளைச்சலில் தோட்டம் செய்கிறவர்களுக்குக் கூலியும் சோறும். முதல் போட்டுத் திறப்பு விழா நடத்திவிட்டுப் போகாமல், வருஷா வருஷம் வருமானத்துக்கு வழி செய்தார்கள். பல ஊர்களில் இன்று அந்த நிலம் பதிவேட்டில் ஒரு பேராக இருக்கிறது. கோயிலுக்குப் பூ வண்டியில் வருகிறது.

இன்றைய உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. அந்தத் துறையில் தோட்டக்கலைக் கிளை என்றே ஒன்று உண்டு, தலைமையிடம் ஆக்ராவில். நாடு முழுக்க அவர்கள் கையில் உள்ள சின்னங்களைச் சுற்றிப் புல்தரையும் வரிசைச் செடியும் வைப்பது அவர்கள் வேலை. இந்தப் புல்தரை ரசனை கர்சன் பிரபு காலத்து ஆங்கிலேய ரசனை. தாஜ்மகாலின் முகலாயத் தோட்டத்தையே அந்த ரசனைக்குத் தக்க மாற்றி அமைத்தார்கள். ஆயிரத்து நூறு வருஷம் முன்பு பன்னிரண்டு பேர் வைத்துத் தோட்டம் பார்த்த ஊர்க் கல்வெட்டைச் சுற்றி ஒரு செண்பகமும் நாலு மருவும் வைக்கலாமே என்பது என் சின்ன ஆசை. செலவு அதிகம் ஆகாது. மருவு நம்ம வெயிலில் கொஞ்சம் தண்ணீர் கேட்கும், அவ்வளவுதான்.

நம் மாவட்டத்தில் ஜப்பானியர்களுக்கும் குறைவில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அவர்கள் தொழிற்சாலைகள் வந்து வருஷங்கள் ஆகின்றன. அங்கே வேலை செய்கிற யாராவது ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் வந்தால் அவர்களுக்குக் காட்ட இந்த ஒரு சொல்லைத் தேடி வைத்திருக்கிறேன்.

நீங்களும் போனால் தேடிப் பாருங்கள். எழுத்து பழைய தமிழ் எழுத்து, நடுநடுவே கிரந்தம். புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை, ஒகர ஓகார வேறுபாடும் காட்டமாட்டார்கள், அதெல்லாம் வீரமாமுனிவருக்குப் பிறகு நிலைத்தது. ஆகவே 'தோட்ட வாரியம்' என்று தேடினால் கிடைக்காது. 'தொடட வாரியம' என்று கண் பழக வேண்டும். காலை வெயில் சுவரில் சாய்வாக விழும் நேரம் போனால் வெட்டின பள்ளம் நிழல் கட்டிப் படிக்க வரும், உச்சியில் போனால் ஒன்றும் தெரியாது.